போர் மூண்ட வாரத்தில் அவையில் என்ன பேசினார்கள்? பழைய நாடாளுமன்றப் பதிவைத் தேடி எடுக்கும் வழி

கேள்வி: பாம்பனில் எங்கள் பள்ளிக்கு ஒரு மலர் தயாராகிறது. 1983 ஜூலையில் அக்கரை இலங்கையில் கலவரம் வெடித்தபோது நம் நாடாளுமன்றத்தில் என்ன பேசினார்கள், நம் தொகுதி எம்.பி. ஏதாவது கேட்டாரா என்று சேர்க்க ஆசை. ‘இலங்கை’, ‘அகதி’ என்று இணையத்தில் தேடினால் உருப்படியாக எதுவும் சிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு தமிழ் உரை சுற்றுகிறது. அதை அப்படியே போடலாமா? கச்சத்தீவு விவாதமும் வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சொல்லை வைத்துத் தேடுவதை முதலில் நிறுத்துங்கள். தேதியை வைத்துத் தேடுங்கள். மக்களவையின் பழைய விவாதங்கள் நாடாளுமன்ற மின்னூலகத்தில் நாள்வாரியாக ஸ்கேன் செய்து ஏற்றப்பட்டிருக்கின்றன. மாநிலங்களவைக்குத் தனித் தளம் உண்டு. இரண்டும் இலவசம். ஆனால் அவை ஆங்கிலம், இந்திப் பக்கங்கள். தமிழில் தட்டினால் எதுவும் வராது. ஆங்கிலத்தில் தட்டினாலும், மங்கிய அச்சை இயந்திரம் தப்பும் தவறுமாகப் படித்து வைத்திருப்பதால் பாதி நழுவிப் போகும். கச்சத்தீவு என்ற ஒரு பெயரையே பழைய அச்சில் நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள். ‘சி-எச்’ ஒரு முறையா இரண்டு முறையா, பின்னால் வருவது ‘டி’யா ‘டி-எச்’சா என்பதிலேயே ஆளுக்கு ஒரு கணக்கு.

தேதி தெரிந்தால் மட்டும் போதாது. ஒரு நாள் விவாதம் இருநூறு, முந்நூறு பக்கம் ஓடும். அதில் எந்த மூலையைப் பார்ப்பது என்பதை அவையின் நடைமுறை சொல்லிவிடும். போர் மூண்ட முதல் சில நாள்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

பலரும் செய்யும் தவறு, நேராகக் கேள்வி நேரத்துக்குப் போவது. காலை 11 மணிக்குத் தொடங்கும் கேள்வி நேரத்தில் வரும் வினாக்களுக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். 1983இல் குறைந்தது 10 முழு நாள். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டது ஜூலை 23 இரவு. கொழும்பில் வன்முறை தொடங்கியது 24ஆம் தேதி இரவு. மக்களவையின் மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கியது 25ஆம் தேதி, திங்கள்கிழமை. ஆக, அந்த வாரத்து வினாப் பட்டியல் முழுக்கக் கலவரத்துக்கு முன்பே அச்சேறியது. அந்த வாரம் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதை அதில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கலவரம் பற்றிய முறையான வினாக்கள் ஆகஸ்டில்தான் தலைகாட்டும்.

முதல் குரல்கள் வேறு இடத்தில் இருக்கும். கேள்வி நேரம் முடிந்த பிறகு, 12 மணிக்கு மேல் பாருங்கள். பக்க ஓரத்தில் ‘12.00’, ‘12.07’ என்று நேரக் குறிப்பு அச்சாகியிருக்கும். அங்கிருந்து ‘மேசைமீது வைக்கப்பட்ட ஏடுகள்’ என்ற தலைப்பு வரையுள்ள பகுதிதான் நேரமில்லா நேரம் (ஜீரோ ஹவர்) என்று நாம் சொல்வது. தலைப்பில்லாமல், கூச்சலோடு கூச்சலாக இருக்கும். ‘குறுக்கீடுகள்’ என்ற சொல் வரிக்கு வரி வருகிறதென்றால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். அங்கே உடுக்குறிகள் (*) இட்டு, ‘பதிவு செய்யப்படவில்லை’ என்றோ ‘நீக்கப்பட்டது’ என்றோ அடிக்குறிப்பு இருந்தால், அவைத்தலைவர் உத்தரவால் அந்தச் சொற்கள் அதிகாரபூர்வப் பதிவில் இல்லை என்று பொருள். மறுநாள் நாளிதழில் அது வந்திருக்கலாம். அப்படியானால் நாளிதழின் பெயரில் போடுங்கள், நாடாளுமன்றப் பதிவு என்று போடாதீர்கள்.

அடுத்து, முறைப்படி பேசப்படுபவை நான்கு வகை. மக்களவை நடைமுறை விதி 197இன் கீழ் கவன ஈர்ப்பு: உறுப்பினர் ஒருவர் அமைச்சரின் கவனத்தை ஈர்ப்பார், அமைச்சர் அறிக்கை படிப்பார், பெயர் கொடுத்த உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு விளக்கம் கேட்பார்கள். உங்களுக்கு அதிகம் பயன்படுவது இதுதான். கேள்வியும் பதிலும் ஒரே இடத்தில் கோவையாக இருக்கும். விதி 193இன் கீழ் குறுகிய கால விவாதம்: நீளமானது, வாக்கெடுப்பு கிடையாது. விதி 56இன் ஒத்திவைப்புத் தீர்மானம்: அரசைக் கண்டிக்கும் தன்மை உடையது, 50 உறுப்பினர் எழுந்து ஆதரித்தால்தான் எடுப்பார்கள்; அயல்நாட்டுப் பிரச்சினைக்கு அனுமதி கிடைப்பது அரிது. அனுமதி மறுக்கப்பட்ட விவரம் மட்டும் இரண்டு வரியில் இருக்கும், அந்த இரண்டு வரியும் வரலாறுதான். நான்காவது, விதி 372இன் கீழ் அமைச்சர் தாமாக வந்து படிக்கும் அறிக்கை.

இந்த நான்காவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மக்களவையில் அமைச்சர் அறிக்கை படித்ததும் யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்பது விதி. மாநிலங்களவையில் விளக்கம் கேட்பது வழக்கம். ஆகவே ஒரே அறிக்கை மக்களவைப் பதிவில் இரண்டு பக்கமும் மாநிலங்களவைப் பதிவில் இருபது பக்கமும் ஓடலாம். மக்களவையில் ‘ஒன்றுமே பேசவில்லையே’ என்று முடிவு கட்டும் முன் அதே தேதிக்கு மாநிலங்களவையைத் திறந்து பாருங்கள்.

வெளியுறவு அமைச்சர் பி.வி. நரசிம்ம ராவ் ஜூலை இறுதியில் கொழும்பு போய்வந்தார். அந்தப் பயணத்தின் முன்னும் பின்னும் உள்ள அமர்வுகளை ஒன்று விடாமல் பாருங்கள். பிரதமர் இந்திரா காந்தியின் முக்கியமான அறிக்கை ஆகஸ்ட் 12, வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் கடைசி இரண்டரை மணி நேரம் தனி உறுப்பினர் (அமைச்சர் அல்லாதவர்) அலுவலுக்குப் போய்விடும்; அரசின் அறிக்கை அதற்கு முன்பே இருக்கும், கோப்பின் கடைசிப் பகுதியை விட்டுவிடலாம்.

அச்சுப் பிரதியில் ஆங்கிலத் தேதியோடு, இந்திய தேசிய நாள்காட்டியான சக ஆண்டின் தேதியும் இருக்கும். 1983 ஜூலை 25 என்பது 1905 ஸ்ராவண 3; ஆகஸ்ட் 12 என்பது ஸ்ராவண 21. ஸ்கேன் மங்கி ஒரு தேதி தெரியாவிட்டால் இன்னொன்று கைகொடுக்கும். ஜூலை 23தான் ஸ்ராவண 1 என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதியை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்னொன்று: அந்தக் காலப் பதிவில் ஒரு பக்கத்துக்கு நாளிதழ் போல இரண்டு பத்தி (காலம்), எண் போட்டிருப்பது பத்திக்குத்தான், பக்கத்துக்கு அல்ல. மேற்கோள் தரும்போது அவையின் பெயர், தேதி, விவாதத் தொகுதி (வால்யூம்) எண், பத்தி எண் நான்கையும் எழுதுங்கள். பி.டி.எஃப். கோப்பு காட்டும் பக்க எண்ணை எழுதினால் அச்சுப் பிரதியை வைத்துச் சரிபார்ப்பவர் தடுமாறுவார்.

தொகுதி எம்.பி. பற்றி. 1980 தேர்தலில் ராமநாதபுரத்தில் வென்றவர் தி.மு.க.வின் எம்.எஸ்.கே. சத்தியேந்திரன், 1983இல் அவர்தான் உறுப்பினர். உறுப்பினர் பெயர் வழியாகவும் மின்னூலகத்தில் தேடலாம். ஆனால் அவர் பெயரை நீங்கள் ஆங்கிலத்தில் எழுதும் விதமும் அவை எழுதும் விதமும் ஒத்துப்போகும் என்று நம்ப வேண்டாம். விவாதத் தொகுதியின் (வால்யூம்) முகப்பில் உறுப்பினர் பட்டியல், ஊர்ப் பெயரோடு இருந்தால் அதில் ‘ராமநாதபுரம்’ என்ற இடத்தைப் பிடித்து, எதிரே உள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே நகலெடுத்துத் தேடுங்கள். விதி 377இன் கீழ் படிக்கப்பட்டவற்றையும் மறக்காமல் பாருங்கள். பாம்பன் பாலம், மீனவர் சிறைபிடிப்பு, முகாமில் குடிநீர் போன்ற கரையோரச் சங்கதிகள் பெரும்பாலும் அதில்தான் வரும். எழுதிக் கொடுத்ததைப் படிப்பார்கள். அமைச்சர் அங்கேயே பதில் சொல்ல மாட்டார். பதில் பிறகு கடிதமாகப் போகும், அது விவாத அச்சில் வராது. ‘கேட்டார், அரசு பதிலே தரவில்லை’ என்று மலரில் எழுதிவிடாதீர்கள்.

எழுத்துமூல விடைகளைத் தேடும்போது எந்த அமைச்சகம் என்று யோசியுங்கள். அகதி என்றதும் வெளியுறவைத்தான் எல்லாரும் திறப்பார்கள். மண்டபம் முகாமில் தங்கவைத்தவர்களுக்கான உணவும் உதவித்தொகையும் மறுவாழ்வுத் துறையின் பொறுப்பு. ராமேஸ்வரம்–தலைமன்னார் பயணிகள் கப்பல் பற்றி என்றால் கப்பல் போக்குவரத்து. கடற்படை, கடலோரக் காவல் படை ரோந்து பாதுகாப்பு அமைச்சகம். விசைப்படகும் வலையும் என்றால் மீன்வளம், அது அப்போது வேளாண்மைக்குள் இருந்தது. ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருக்கும். ஒரு விடையைக் கண்டுபிடித்துவிட்டால் அந்த நாளிலிருந்து ஏழேழு நாளாகத் தள்ளிக்கொண்டே போங்கள்.

இனி வாட்ஸ்அப் உரை. அப்படியே போடாதீர்கள். அந்த நாளில் ஒரு உறுப்பினர் மக்களவையில் தமிழில் பேசியிருந்தால், அச்சில் இருப்பது பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு. ‘மூல உரை தமிழில் நிகழ்த்தப்பட்டது’ என்று உடுக்குறியிட்டு அடிக்குறிப்புத் தந்திருப்பார்கள். அப்படியானால் ‘அவர் சொன்ன சொற்கள் இவையே’ என்று தமிழில் சுற்றுவது, ஆங்கிலத்திலிருந்து யாரோ திரும்பத் தமிழாக்கியது, அல்லது முழுக்க இட்டுக்கட்டியது. எதுகை மோனை அதிகமாக இருந்தால் இரண்டாவதுதான் என்பது எங்கள் அனுபவக் கணிப்பு. உரையில் தேதி இருந்தால் அந்த நாளில் அவை கூடியதா என்று முதலில் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆற்றிய ‘நாடாளுமன்ற உரைகள்’ நிறைய உலவுகின்றன. பதிவில் இருந்தால் ஆங்கிலப் பகுதியை நீங்களே தமிழாக்கி, ‘ஆங்கிலப் பதிவிலிருந்து தமிழில்’ என்று குறிப்பிட்டுப் போடுங்கள்.

கச்சத்தீவுக்கு வருவோம். ஒப்பந்தம் கையெழுத்தானது 1974 ஜூன் 26, 28. மழைக்காலக் கூட்டத்தொடரில் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை வைத்தது ஜூலை 23. சகக் கணக்கில் 1896 ஸ்ராவண 1. தி.மு.க. உறுப்பினர் இரா. செழியன் பேச்சு அதில் உண்டு. அன்றைய ராமநாதபுரம் உறுப்பினர் பி.கே. மூக்கையாத் தேவரின் எதிர்ப்பும் உண்டு; உங்கள் மலருக்கு இதைவிடப் பொருத்தமான பக்கம் இருக்காது. அறிக்கைக்குப் பின் பேசக்கூடாது என்ற விதி இருந்தும் எதிர்க்கட்சிகள் எப்படிப் பேசின என்பது, அறிக்கை தொடங்கும் முன்னரே எழுந்த ஒழுங்குப் பிரச்சினைகளைப் படித்தால் விளங்கும். ஆகவே அறிக்கையிலிருந்து அல்ல, அதற்குச் சில பத்திகள் முன்னாலிருந்து படியுங்கள். அவையில் வைக்கப்பட்ட ஆவணங்களுக்கு ‘நூலகத்தில் வைக்கப்பட்டது’ என்று எல்.டி. எண் ஒன்று போட்டிருப்பார்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், விவாதத்தில் இல்லாத இணைப்புகளைக் கேட்டு வாங்க அந்த எண்தான் சாவி. தகவல் உரிமைச் சட்டத்தில் மக்களவைச் செயலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதலாம், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். ‘கச்சத்தீவு விவாதம் வேண்டும்’ என்று எழுதினால் ‘இணையத்தில் உள்ளது’ என்று ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். எல்.டி. எண்ணைப் போட்டு, இந்த ஏடு வேண்டும் என்று எழுதுங்கள்.

தமிழ்நாடு சட்டமன்றம் கச்சத்தீவு பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது அதே ஆண்டு ஆகஸ்ட் 21. சட்டமன்ற நடவடிக்கைகள் தமிழிலேயே அச்சாகும் என்பதால் உங்கள் மாணவர்கள் நேரடியாகப் படிக்கலாம். முகாம் செலவு, அரிசி, துணி போன்ற விவரமும் டெல்லியைவிடச் சட்டமன்ற மானியக் கோரிக்கை விவாதங்களில்தான் விளக்கமாக இருக்கும். சென்னைக்கு வருவதாக இருந்தால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் அரசு வெளியீடுகளைக் கேட்டுப் பாருங்கள். தேதிப் பட்டியலோடு போனால் அரை நாளில் வேலை முடியும். ‘இலங்கைப் பிரச்சினை’ என்று பொதுவாகக் கேட்டால் ராத்திரி வண்டியைத் தவறவிட வேண்டியதுதான்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அக்கரை அவையையும் ஒரு பக்கம் சேர்த்தால் மலர் முழுமை பெறும். அங்கே சொற்களே வேறு: பாராளுமன்றம், பிரேரணை (தீர்மானம்), நிலையியற் கட்டளை (அவை விதி), ஹன்சாட் (விவாதப் பதிவு). ஹன்சாட்டில் பேச்சு எந்த மொழியில் நிகழ்ந்ததோ அந்த மொழியிலேயே அச்சாகும். தமிழ் உறுப்பினர் தமிழில் பேசியிருந்தால் தமிழிலேயே கிடைக்கும், சிங்களப் பேச்சுக்கு உதவி தேவைப்படும். அவசரகால நிலையை நீட்டிக்க மாதாமாதம் அவையின் ஒப்புதல் வேண்டும் என்பதால், மாதம் ஒரு முறை அந்த விவாதம் வந்தே தீரும். வடக்கு கிழக்கில் நடந்தது என்ன என்று உறுப்பினர்கள் ஊர் ஊராகப் பெயர் சொல்லிப் பேசும் இடம் அது.

1983இன் பிற்பாதியில் அந்த விவாதங்களைப் புரட்டும்போது ஒரு வெற்றிடம் தெரியும். 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடம் வென்றது. அதன் தலைவர் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். 1982 டிசம்பர் 22 பொதுவாக்கெடுப்பு, தேர்தலே இல்லாமல் அவையின் ஆயுளை ஆறு ஆண்டு நீட்டியது. கூட்டணி அதை ஏற்கவில்லை. கலவரத்தின் சூடு ஆறும் முன், ஆகஸ்ட் முதல் வாரத்தில், தனிநாட்டுக் கோரிக்கையை ஆதரிக்க மாட்டேன் என்று உறுப்பினர்கள் சத்தியம் செய்ய வேண்டும் என்னும் ஆறாம் திருத்தம் நிறைவேறி, 8ஆம் தேதி சட்டமானது. கூட்டணியில் எஞ்சியிருந்த 16 உறுப்பினர்களும் அவைக்குப் போகவில்லை. அனுமதியின்றி மூன்று மாதம் தொடர்ந்து வராதவரின் இடம் காலியாகும் என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் 66ஆம் உறுப்பு. அக்டோபரில் அவர்கள் இடங்கள் காலியாயின. அதற்கு முந்தைய ஓர் அவசரகால விவாதத்தையும் பிந்தைய ஒன்றையும் அருகருகே வைத்து, பேசியவர் பட்டியலை மட்டும் மாணவர்களை ஒப்பிடச் சொல்லுங்கள். எதிர்க்கட்சித் தலைவர் என்ற இடத்தில் முதலில் அமிர்தலிங்கம் இருப்பார், பிறகு அனுரா பண்டாரநாயக்க.

இவ்வளவையும் எடுக்க ஒரு ஆசிரியரும் நாலு மாணவரும் இருந்தால் போதும். 1983 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் இறுதி வரை ஒவ்வொரு அமர்வு நாளுக்கும் ஒரு வரி வைத்து நோட்டில் கட்டம் போடுங்கள்: நாள், அவை, என்ன வகை, பத்தி எண், யார் பேசினார். முதலில் அந்தந்த நாள் கோப்பின் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் பார்த்துக் கட்டத்தை நிரப்புங்கள். பேச்சைப் படிப்பது பிறகு. கோப்புகள் கனமானவை, கைப்பேசியில் இறக்கினால் பாதியில் அறுந்துபோகும். பள்ளிக் கணினியில் இறக்கி, கோப்பின் பெயரையே ‘மக்களவை 1983-08-12’ என்ற மாதிரி மாற்றி வையுங்கள். தளம் கொடுக்கும் எண் பெயரோடு விட்டால் நாற்பது கோப்பில் எது எது என்று பிறகு யாருக்கும் தெரியாது.