வெளிநாட்டுக்குப் பார்சல்: வாங்குபவர் நல்லவராகவே இருந்தாலும்

கேள்வி: என் பழைய ஃபிலிம் கேமராவையும் இரண்டு லென்ஸ்களையும் ஆன்லைனில் விற்பனைக்குப் போட்டிருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் நான் சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டார். பேபால் என்ற ஆன்லைன் பணப் பரிமாற்றச் சேவையில் பணமும் வந்துவிட்டது. இப்போது இரண்டு விஷயம் கேட்கிறார். சுங்கப் படிவத்தில் ‘அன்பளிப்பு’ என்று எழுதி மதிப்பைக் குறைத்துப் போட வேண்டுமாம். பார்சலைத் தன் நண்பர் வீட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டுமாம். தன்மையாகத்தான் பேசுகிறார். செய்யலாமா?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். அவர் உண்மையிலேயே நல்லவராக இருக்கலாம். ஆனால் நாளை ஒரு தகராறு என்று வந்தால், அதை விசாரிப்பவருக்கு அவரையும் தெரியாது, உங்களையும் தெரியாது. ரசீதும் முகவரியும் கையெழுத்தும்தான் அங்கே பேசும்.

முதலில் முகவரி. பரிவர்த்தனை விவரத்தில் எந்த முகவரி இருக்கிறதோ, அதற்கே அனுப்பினால்தான் பேபாலின் விற்பனையாளர் பாதுகாப்பு, அதாவது சில வகைப் புகார்கள் வந்தாலும் பணம் உங்களிடமே இருக்க உதவும் ஏற்பாடு, உங்களுக்குக் கிடைக்கும். வேறு வீட்டுக்கு அனுப்பினால் அது போய்விடும். யாரோ ஒருவருடைய கணக்கைத் திருடி அதிலிருந்து பணம் கட்டியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கணக்கின் உரிமையாளர் சில வாரம் கழித்து, “இதை நான் வாங்கவே இல்லை” என்று புகார் கொடுப்பார். பணம் அவருக்குத் திரும்பிவிடும். கேமரா உங்களுக்குத் தெரியாத ஒரு வீட்டில் இருக்கும். நண்பர் வீட்டுக்குத்தான் வேண்டும் என்றால், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த முகவரியைப் போட்டே மறுபடி கட்டச் சொல்லுங்கள். நேர்மையான ஆளுக்கு இது ஐந்து நிமிட வேலை. பார்சல் கிளம்பிய பிறகு முகவரியை மாற்றச் சொல்லிக் கேட்டாலும் சம்மதிக்காதீர்கள்.

டெலிவரி ஆனதற்கு அத்தாட்சியும் வேண்டும். தொகை 750 அமெரிக்க டாலரோ அதற்கு மேலோ என்றால், பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து இருந்தால்தான் பேபால் ஏற்றுக்கொள்ளும். ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று டிராக்கிங் காட்டினால் மட்டும் போதாது. வாங்கியவர் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள் வரை புகார் எழுப்பலாம். டிராக்கிங் விவரம் கூரியர் தளத்தில் அத்தனை நாள் இருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். டெலிவரி ஆன அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்து மதிப்பு. குறைத்து எழுதுவது சுங்கத்துக்குப் பொய் சொல்வது. படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள், அவரல்ல. பார்சல் தொலைந்தாலும் நீங்கள் எழுதிய அந்தச் சின்னத் தொகையைத் தாண்டி இழப்பீடு கேட்க வழியில்லாமல் போகும். அவருக்கு மிச்சமாகப்போவது கொஞ்சம் வரி, அதற்காக முழு கேமராவையும் நீங்கள் பணயம் வைக்க வேண்டியதில்லை. வரியை அவர்தான் கட்ட வேண்டியிருக்கும் என்பதை அனுப்பும் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், வரியைப் பார்த்துவிட்டு அவர் பார்சலை வாங்க மறுக்கலாம். அது திரும்பி வரும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

இந்த இடத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். சுங்கத்துக்காக எழுதும் மதிப்பு வேறு, காப்பீட்டுக்காகச் சொல்லும் மதிப்பு வேறு. முதலாவதைச் சரியாக எழுதிவிட்டதாலேயே பார்சலுக்குக் காப்பீடு வந்துவிடாது. தனியாகக் கேட்டு, தனியாகப் பணம் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் கிடைப்பது எவ்வளவு தெரியுமா? 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, நாடு விட்டு நாடு விமானத்தில் போகும் சரக்குக்கு இழப்பீட்டின் உச்சவரம்பு கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். 2024 டிசம்பர் இறுதியில்தான் 22லிருந்து இந்த அளவுக்கு உயர்ந்தது. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. ஓர் அமெரிக்க டாலரைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். பொருளின் விலையைப் பார்க்காமல் எடையை வைத்துப் போடும் கணக்கு இது. இரண்டு கிலோ பார்சலுக்கு அதிகபட்சம் 52 எஸ்.டி.ஆர்! உங்கள் லென்ஸின் மூடிகளுக்குக்கூடப் போதுமா தெரியவில்லை. ஆகவே காப்பீடு எடுங்கள். எடுக்கும் முன் எதற்கெல்லாம் பொருந்தாது என்ற பட்டியலைப் படித்துவிடுங்கள். நகை, நாணயம், பழம்பொருள் போன்றவற்றை ஏற்காத நிறுவனங்கள் பல. பேக்கிங் சரியில்லை என்று காரணம் காட்டி இழப்பீட்டை மறுப்பதும் சகஜம். அதனால் பெட்டிக்குள் பெட்டி வைத்து, இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் நெருக்கமாக அடைத்து அனுப்புங்கள். குலுக்கினால் உள்ளே எதுவும் அசையக் கூடாது.

கேள்வி: பார்சல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் வாங்கியவர், “பெட்டிக்குள் வேறு ஏதோ உடைந்த பொருள் இருக்கிறது” என்கிறாரே?

பதில்: இதுதான் விற்பவரை அதிகம் வதைக்கும் புகார். ‘சொன்னபடி பொருள் இல்லை’ என்று வரும் புகார்களுக்குப் பேபாலின் விற்பனையாளர் பாதுகாப்பு பொருந்தாது. உங்கள் ஆதாரங்களை வைத்துத்தான் நீங்கள் வாதாட வேண்டும். சீரியல் நம்பர் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்திருக்கிறீர்களா? பொருளைக் காட்டி, பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, முகவரிச் சீட்டு ஒட்டும் வரை இடையில் வெட்டாத ஒரே வீடியோவாக இருக்கிறதா? கவுண்டரில் பார்சலை எடை போட்டு ரசீதில் கிராம் கணக்கில் பதிந்திருக்கிறார்களா? அந்த எடையை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். வேறு பொருள் வந்தது என்று ஒருவர் படம் காட்டும்போது, அதன் எடை ரசீதோடு ஒத்துப்போகிறதா என்று கேட்க முடியும். திருப்பி அனுப்ப ஒப்புக்கொண்டால், வரும் பெட்டியைப் பிரிப்பதையும் வீடியோ எடுங்கள். சீரியல் நம்பரை ஒப்பிட்டுப் பார்க்கும் முன் பணத்தைத் திருப்பாதீர்கள்.

கேள்வி: “பணம் கட்டியாகிவிட்டது, டிராக்கிங் எண் கொடுத்ததும் விடுவிக்கப்படும்” என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. அனுப்பிவிடலாமா?

பதில்: வேண்டாம். மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், உங்கள் கணக்கை நீங்களே திறந்து பாருங்கள். அங்கே தொகை இல்லையென்றால் பணம் வரவில்லை.