கேளுங்கள் டாக்டர்: கஷாயமா, புது மருந்தா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 63. உள்ளங்காலில் கறுப்பாக வந்ததைக் கால் ஆணி என்று நினைத்து ஒரு வருடம் பிளாஸ்திரி ஒட்டினோம். மெலனோமா என்ற தோல் புற்றுநோயாம், நுரையீரலுக்கும் பரவிவிட்டது. புது மருந்துக்கான ஆய்வில் சேரச் சொல்கிறார் டாக்டர். "அண்ணனைச் சோதனை எலி ஆக்காதீங்க" என்று சித்தப்பா நித்தியகல்யாணிக் கஷாயம் கொண்டுவருகிறார். என்ன செய்ய?
– வாசகி, விருதுநகர்

பதில்: கால் ஆணி என்று நினைத்ததற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள், தங்கையே. நம் நிறத்தவருக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் வரும். பாடகர் பாப் மார்லிக்கும் கால் பெருவிரலில்தான் வந்தது. விரலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. பரவிய பிறகு ஜெர்மனியில் மாற்று மருத்துவம் பார்த்தார். 1981இல், 36 வயதில் இறந்தார். பரவிய மெலனோமாவுக்கு அன்று எங்களிடமும் உருப்படியான மருந்து இல்லை.

2011இல் இபிலிமுமாப், 2014இல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்று, உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் ஊசி மருந்துகள் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 945 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், இபிலிமுமாபும் நிவோலுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 சதவீதம் பேர் பத்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். உள்ளங்கால் வகை இந்த மருந்துகளுக்கு அவ்வளவாக மசிவதில்லை. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அதனால்தான் இந்த வகைக்குப் புது மருந்து தேட வேண்டியிருக்கிறது.

எலி கையெழுத்துப் போடாது. அப்பா போடுவார், பிடிக்காவிட்டால் எந்த நாளும் விலகலாம். ஆய்வு, மருந்து ஆய்வுகளுக்கான மத்தியப் பதிவேட்டில் இருக்கிறதா, புது மருந்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் குழுவுக்கு என்ன மருந்து தருகிறார்கள், அப்பாவின் கட்டியில் மரபணுச் சோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகள் அப்படித்தான் சொல்கின்றன.

நித்தியகல்யாணியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் அதிலிருந்து வந்தவைதான். ஆனால் அவற்றை மில்லிகிராம் கணக்குப் பார்த்து ரத்தக்குழாயில் ஏற்றுகிறோம். ஒரு தம்ளர் கஷாயத்தில் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. என்னிடம் வந்த ஒருவருக்குக் கல்லீரல் கெட்டுப்போய், நான் போட்ட எதிர்ப்புச் சக்தி ஊசியால்தான் என்று நினைத்து அதை நிறுத்தினேன். அந்த ஊசி மருந்துகளுக்குக் கல்லீரலைத் தாக்கும் குணம் உண்டு. மூன்று வாரம் கழித்துத்தான் அவர் மனைவி அழுதுகொண்டே அவர் குடித்துவந்த கஷாயப் பொட்டலத்தைக் காட்டினார். எது கெடுத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மூன்று வாரம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

இப்போதைக்குக் கஷாயத்தை நிறுத்துங்கள். இதுவரை எவ்வளவு குடித்தார் என்பதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை தொடங்கிய பின் வயிற்றுப்போக்கு வந்தால், அது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். கஞ்சி குடித்தால் சரியாகும் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள், அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். அடுத்த முறை போகும்போது சித்தப்பாவையும் கூட்டிப் போங்கள். அண்ணன் மேல் உள்ள பாசத்தில்தான் அலைகிறார். அவர் கேள்வியையும் டாக்டர் முன்னால் அவரே கேட்கட்டும்.