ஃபேனை நிறுத்துங்கள்! சினிமா படிக்கும் மாணவர்களின் கேள்விகள்

கேள்வி: பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு. ஒளிப்பதிவு படிக்க ஆசை. தரமணியில் சேர முடியுமா? விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) சேர்ந்தாலே போதும் என்கிறார்களே?
- மாணவி, விருதுநகர்

பதில்: தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் இருப்பவை நான்காண்டுப் பட்டப்படிப்புகள். ஒளிப்பதிவுக்கும் ஒலிப்பதிவுக்கும் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும் என்பார்கள். இயக்கம், படத்தொகுப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள். ஒளிப்பதிவுதான் வேண்டும் என்றால் ஏதாவது ஒரு பட்டம் முடித்துவிட்டு, புனே திரைப்படக் கல்லூரிக்கோ கொல்கத்தா சத்யஜித் ரே நிறுவனத்துக்கோ நுழைவுத்தேர்வு எழுதலாம். அங்கே மூன்றாண்டு ஒளிப்பதிவுப் படிப்புக்கு எந்தப் பட்டமும் செல்லும். அந்த முதல் பட்டமாக விஸ்காம் இருப்பது நல்லதுதான், கல்லூரியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால்.

எப்படிப் பார்ப்பது? கட்டடத்தையும் ஸ்டுடியோ கண்ணாடியையும் பார்க்காதீர்கள். வகுப்பில் எத்தனை பேர், வேலை செய்கிற கேமரா எத்தனை என்று கேளுங்கள். 60 பேருக்கு 4 கேமரா என்றால் ஒரு கேமராவுக்கு 15 பேர். மூன்று மணி நேர செய்முறை வகுப்பில் உங்கள் கைக்குக் கேமரா வருவது 12 நிமிடம். மாலையிலும் விடுமுறையிலும் கையெழுத்துப் போட்டு வெளியே எடுத்துப்போக விடுகிறார்களா என்பதுதான் அடுத்த கேள்வி. சென்ற ஆண்டு மாணவர்களின் குறும்படங்களைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடைசியில் ஓடும் பெயர்களையும் படியுங்கள். கேமராவும் எடிட்டிங்கும் வெளியாட்கள் என்றால் அங்கே அந்த வேலையை மாணவர்கள் கற்கவில்லை.

கேள்வி: குறும்படத்தில் படம் நன்றாக வந்திருக்கிறது. வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறது, கூடவே ஃபேன் சத்தம். மென்பொருளில் சரிசெய்ய முடியாதா?
- இரண்டாம் ஆண்டு மாணவர், திருச்சி

பதில்: ஓரளவுக்குத்தான். சீராக ஒலிக்கும் இரைச்சலை மென்பொருள் குறைக்கும். ஆனால் ஃபேன் சத்தம் குரலோடு கலந்தே பதிவாகிவிடுகிறது. அதைத் துடைக்கப் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். மாணவர் படங்களைப் பாழாக்குவது பெரும்பாலும் இந்த ஒலிதான், படம் அல்ல. அதனால் இதை விரிவாகவே சொல்கிறோம்.

முதல் காரணம் மைக்கின் தூரம். கேமரா மேல் பொருத்திய மைக் நடிகரிடமிருந்து எட்டடி தள்ளி இருக்கும். பூம் எனப்படும் நீண்ட கம்பில் கட்டி, ஃபிரேமுக்குச் சற்று மேலே, வாயை நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் இரண்டடிக்கு வந்துவிடும். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் நேரடிக் குரல் 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) கூடும். எட்டிலிருந்து இரண்டுக்கு வந்தால் 12 டெசிபல். அறையின் எதிரொலியோ அப்படியே இருக்கும். விலை உயர்ந்த மைக் வாங்குவதைவிட இந்த ஆறடியைக் குறைப்பது பெரிது.

இரண்டாவது அறை. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் குரலைத் திருப்பி அடிக்கும். ஃபிரேமுக்கு வெளியே தரையில் மெத்தை விரியுங்கள், கதவு மேல் கனத்த போர்வைகளைத் தொங்கவிடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், டேக்குக்கு நடுவே போட்டுக்கொள்ளலாம். ஃபிரிட்ஜையும் அணையுங்கள். மறுபடி போட மறந்துவிடாமலிருக்க உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். மறுபடி ஓட விடாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது.

சட்டையில் காலர் மைக் குத்தினால் நெஞ்சுக்கூட்டின் மேல், மோவாய்க்கு ஒரு சாண் கீழே. பட்டுப்புடவை ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும். மைக்கின் இருபுறமும் சர்ஜிக்கல் டேப் ஒட்டித் துணி உரசாமல் செய்து, வயரில் ஒரு சிறு வளையம் விட்டு அதையும் ஒட்டுங்கள். இழுபட்டால் அந்த வளையம் தாங்கிக்கொள்ளும்.

ரெக்கார்டரின் ஒலித்தர அமைப்பை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். வசனத்தின் உச்சம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். நடிகர் கத்தப்போகும் டேக் என்றால் பதிவு அளவை முன்பே இறக்குங்கள், மீட்டரின் உச்சமான பூஜ்யத்தைத் தொட்டு வெடித்த ஒலியை மீட்க முடியாது. ஒவ்வொரு இடத்திலும் கிளம்புமுன் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் வெறும் அறையின் ஒலியைப் பதிவு செய்யுங்கள். வசனத்துக்கு நடுவே எடிட்டர் வெட்டிய இடங்களை அடைக்க அதுதான் கைகொடுக்கும். மைக் தனியே இருந்தாலும் கேமராவின் ஒலியை அணைக்காதீர்கள். டப்பிங் பேசவேண்டி வந்தால் அதுதான் பைலட் டிராக், அதாவது கேட்டுப் பேச உதவும் வழிகாட்டி ஒலி.

இப்போது எடுத்து முடித்த படத்துக்கு? அந்தக் காட்சிகளை டப்பிங் செய்யுங்கள். தமிழ் சினிமா பல பத்தாண்டுகள் அப்படித்தான் பேசியது, அதில் குறைவு ஒன்றுமில்லை.

கேள்வி: டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டை ஊர்கிறது. கேமரா பழுதா?
- விஸ்காம் மாணவி, மதுரை

பதில்: பழுதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமும் முழு மினுக்குகளையே பிடிக்கும், பட்டை வராது. கேமரா என்.டி.எஸ்.சி. என்ற அமெரிக்க வீடியோ முறையில் இருந்தால் நொடிக்கு 30 ஃபிரேம், ஷட்டர் 1/60 என்று போய்விடும். மெனுவில் பால் (PAL) என்ற நம் ஊர் முறைக்கு மாற்றி 25 ஃபிரேம் வையுங்கள். ஸ்லோமோஷனுக்கு 120 ஃபிரேம் போட்டால் ஷட்டரை 1/100க்கு இறக்கவே முடியாது, பட்டை வந்தே தீரும். 100 ஃபிரேமில், 1/100 ஷட்டரில் எடுங்கள். டிம்மரில் குறைத்த மலிவான எல்.இ.டி. விளக்கு மட்டும் இதற்கு அடங்காது, அதை முழு வெளிச்சத்தில் எரியவிட்டுத் தள்ளி வைப்பதே வழி.

கேள்வி: போனில் எடுத்த நேர்காணலில், தொடக்கத்தில் தட்டிய கிளாப் தனியே பதிந்த ஒலியோடு சரியாகப் பொருந்துகிறது. பத்து நிமிடம் போனால் உதடும் குரலும் விலகுகின்றன. ஏன்?
- மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: விலகல் முதலிலிருந்தே ஒரே அளவாக இருந்தால் ஒலியை நகர்த்தினால் போதும். போகப்போகக் கூடினால், பெரும்பாலும் போன் ஃபிரேம் வேகத்தை மாற்றி மாற்றிப் பதிந்திருக்கிறது என்று பொருள். எடிட்டிங்குக்கு முன்பே ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் (மாறாத ஃபிரேம் வேகம்) தேர்ந்து மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேகத்தைப் பூட்டிவைக்கும் கேமரா செயலியில் எடுங்கள்.

கேள்வி: ஒருநாள் ஷூட்டிங்குக்கு 64 ஜி.பி. கார்டு ஒன்று போதுமா?
- மாணவர், சேலம்

பதில்: நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜி.பி. ஆகவே ஏறக்குறைய ஒரு மணி இருபத்தைந்து நிமிடத்தில் கார்டு நிரம்பும். இரண்டாவது கார்டு அவசியம், நடுவில் அவசரமாக அழிப்பதில்தான் காட்சிகள் தொலைகின்றன. கார்டிலுள்ள ஃபோல்டர்களை அப்படியே முழுதாக இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள். இரண்டிலும் சில ஷாட்களைத் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே ஃபார்மட் செய்யுங்கள். இரண்டு டிஸ்கும் ஒரே பையில் ஊருக்குப் போகக்கூடாது.