ரயில்வேக்கு இருந்த தனி பட்ஜெட்டை ஏன் நிறுத்தினார்கள்?

ரயில்வேயின் வரவு செலவை மட்டும் தனியாகப் போட்டு, அதை ரயில்வே அமைச்சரே நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்வதுதான் ரயில்வே பட்ஜெட். 1924-ல், ரயில்வேயை ஆராய ஆங்கிலேய அரசு அமைத்த ஆக்வொர்த் குழுவின் பரிந்துரைப்படி தொடங்கியது. அப்போது அரசுச் செலவில் ரயில்வேயின் பங்கு மிகப் பெரிது. அதன் லாப நஷ்டம் நாட்டின் மொத்தக் கணக்கையே ஆட்டியது. அதனால் பிரித்து வைத்தார்கள்.

காலப்போக்கில் மற்ற துறைகளின் செலவு பெருகி, ரயில்வேயின் பங்கு சுருங்கிவிட்டது. அப்புறம் எதற்குத் தனிக் கணக்கு? போதாததற்கு, அது வாக்குறுதி மேடையாகவும் மாறியது. மறுநாள் காலை செய்தித்தாளில் "நம்ம ஊருக்கு வண்டி உண்டா?" என்று தேடியவர்களுக்கு இது தெரியும். அறிவித்துவிட்டுப் பணம் ஒதுக்காமல் கிடந்த பாதைகள் எத்தனையோ! எனக்கு இதுதான் பெரிய காரணமாகப் படுகிறது. பொருளாதார அறிஞர் பிபேக் தேப்ராய் தலைமையிலான குழு, ரயில்வே பட்ஜெட்டை நாட்டின் பொது பட்ஜெட்டோடு இணைக்கப் பரிந்துரைத்தது. 2017 பிப்ரவரி 1 அன்று அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி இரண்டையும் சேர்த்தே தாக்கல் செய்தார்.

கூட்டுக் குடும்பத்தில் மூத்த மகன் அப்பாவிடம் முதல் வாங்கிக் கடை நடத்துகிறான். தனிக் கல்லா, தனி நோட்டு. வருடாவருடம் அப்பாவுக்கு ஒரு பங்கு கட்ட வேண்டும். இப்போது வீட்டுக்கே ஒரே நோட்டு. ரயில்வேயும் அப்படித்தான்: அரசு போட்ட முதலுக்காகக் கட்டிவந்த ஈவுத்தொகை இணைப்போடு நின்றது.

இதைத் தனியார்மயம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை; ரயில்வே இன்றும் அரசுத் துறைதான், தன் வருமானத்தில்தான் அன்றாடச் செலவைப் பார்க்கிறது.