குறைந்த வெளிச்சம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய பொருட்களைப் பிரித்துப் பார்ப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, வீட்டிலிருந்த சின்ன டார்ச்சைப் பிரித்தேன். முகப்பில் ஒன்பது எல்இடி, உள்ளே ரிமோட்டுக்குப் போடும் பென்சில் செல் மூன்று, வால்பக்கம் அமுக்கும் சுவிட்ச். அவ்வளவுதான். புது செல் போட்ட அன்று கண் கூசுகிறது, சில நாளிலேயே மங்கிவிடுகிறது. ஒன்பதையும் பிடுங்கிவிட்டு 3 வாட் எல்இடி ஒன்றை வைத்து, 3.7 வோல்ட் லித்தியம் செல்லில் ஓட்டலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். மூன்று செல்லுக்கு 4.5 வோல்ட், லித்தியம் முழு சார்ஜிலும் 4.2 தான். ஆகவே ஆபத்தில்லை என்று நினைக்கிறேன். எந்த எல்இடி வாங்கலாம்? தூய வெள்ளையா, மஞ்சள் கலந்ததா? மனைவி "தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்" என்கிறாள். ஏழாவது படிக்கும் மகள் வேறு நானும் செய்கிறேன் என்று வந்து நிற்கிறாள். சால்டரிங் அயர்ன் இருக்கும் இடத்தில் குழந்தைக்கு என்ன வேலை என்று விரட்டிவிட்டேன். நான் நேரத்தை வீணாக்குகிறேனா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே,

வீணில்லை. உங்கள் மனைவி சொல்வது கணக்குப்படி சரிதான், ஆனால் நீங்கள் டார்ச்சுக்காக மட்டும் அதைப் பிரிக்கவில்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது. வெள்ளையா மஞ்சளா என்பது உங்கள் விருப்பம், அதை விட்டுவிடுவோம்.

ஆனால் 4.2 என்பது 4.5ஐவிடக் குறைவு, ஆகவே ஆபத்தில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே உங்களைக் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்த டார்ச்சில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த எதுவுமே இல்லை. ஒன்பது எல்இடியும் நேரே செல்லோடு இணைந்திருக்கின்றன. வெள்ளை எல்இடிக்கு மூன்று வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். அதற்குமேல் பத்தில் ஒரு பங்கு வோல்ட் ஏறினாலும் மின்னோட்டம் எகிறிவிடும். இத்தனை நாள் அவற்றைக் காப்பாற்றியது அந்தச் சின்ன செல்களுக்குள் இருக்கும் தடை மட்டுமே. லித்தியம் செல்லில் அந்தத் தடை மிகக் குறைவு, அது எல்இடி கேட்டதையெல்லாம் அள்ளிக் கொடுக்கும். போதாததற்கு, செல் வடிந்து தீரும் நேரத்தில் நிறுத்துவதற்கும் டார்ச்சில் வழியில்லை. அளவுக்கு மீறி வடிந்த லித்தியம் செல்லை மறுபடி சார்ஜ் செய்தால் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. மகளைச் சால்டரிங் அயர்னிடமிருந்து விரட்டிவிட்டு, இதை அவள் தூங்கும் வீட்டில் ராத்திரி சார்ஜுக்குப் போடுவீர்களா?

3 வாட் எல்இடியும் வேண்டாம். அது வாங்கும் சக்தியில் பாதிக்குமேல் சூடாகத்தான் போகிறது. அந்தச் சூடு வெளிச்சத்தோடு முன்னால் போவதில்லை, முதுகுப்பக்கமாக இறங்குகிறது. இறங்குவதற்கு அங்கே அலுமினியமோ செம்போ இருக்கவேண்டும். இந்த வகை டார்ச்சில் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் வளையம்தான் இருக்கும்.

சரி, இதெல்லாம் எதற்கு? இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு. உங்கள் கடிதம் வரும்போது நான் யோசித்துக்கொண்டிருந்ததும் இதைத்தான். டார்ச்சில் கை வைக்கிற எல்லாருமே ஏன் அதைப் பளிச்சென்று ஆக்க மட்டும் பார்க்கிறார்கள்?

என் அம்மா படுக்கையில் கிடந்த மாதங்களில் ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து பார்க்கவேண்டியிருக்கும். மாத்திரை அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும், போர்வை விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டார்ச்சை அடித்தால் அந்த வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டு அறை முழுக்கப் பரவும். அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்புவாள், அப்புறம் விடியும்வரை தூக்கம் வராது. விரலால் முகப்பை மூடினேன், கைக்குட்டையைச் சுற்றினேன். கடைசியில் ஒரு மதியம் உட்கார்ந்து டார்ச்சுக்குள் ஒரு ரெசிஸ்டரை, அதாவது மின்னோட்டத்தைக் குறைக்கும் சின்னத் தடையை, சேர்த்தேன். அன்று ராத்திரி மாத்திரை அட்டையை முகத்தருகே பிடித்துப் படித்தேன். எழுத்து தெரிந்தது, அம்மா புரளக்கூட இல்லை.

இருட்டில் எழுந்திருப்பவரின் கண் ஏற்கெனவே இருட்டுக்குப் பழகியிருக்கிறது. அப்படி முழுதாகப் பழக அதற்கு இருபது முப்பது நிமிடம் ஆகும், கெடுவதற்கோ சில நொடி போதும். பலமான டார்ச்சை அடித்து அணைத்த பிறகு சற்று முன்புவரை தெரிந்த கதவும் கட்டிலும் தெரியாமல் போவது இதனால்தான். வெளிச்சத்தை இரட்டித்தால் கண்ணுக்கு இரட்டிப்பாகவும் தெரியாது, கொஞ்சம் கூடியதுபோலத்தான் இருக்கும். இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பதை அதே தெளிவோடு பார்க்க நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும். அதாவது மேலே போகப் போகச் செலவுதான் ஏறும். கீழே இறங்கினால் கதை வேறு. பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் கண் அதைப் பத்தில் ஒன்றாக உணராது, செல்லோ பத்து மடங்கு நாள் ஓடும்.

பழைய இழை பல்பில் இதைச் செய்ய முடியாது. மின்னோட்டத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் இழை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக்கூட ஒளிராது. எல்இடி அப்படியில்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு கொடுத்தாலும் அதற்கேற்ற ஒளி வரும். உங்கள் டார்ச்சின் ஒன்பதிலும் மஞ்சள் பூச்சுக்கு அடியில் இருப்பது நீல எல்இடி. அதைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அதைப் பற்றிப் பேசும்போது மின்சாரம் மிச்சமாவதைச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, இவ்வளவு சின்ன வெளிச்சத்தையும் நம் கைக்கு அடக்கமாகத் தந்தார்கள் என்பதுதான். அந்த எல்இடியை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த தெருவுக்கு எட்டவேண்டும் என்று செல்லைத் தீய்க்கிறோம். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

ஆகவே உங்கள் டார்ச்சை மங்கலாக்குங்கள். பழைய முழு வெளிச்சமும் இருக்கட்டும். வால்பக்க சுவிட்சின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே ஒரு குட்டி ஸ்லைடு சுவிட்சையும், அதோடு தொடராக 330 ஓம் ரெசிஸ்டரையும் சேருங்கள். பெரிய சுவிட்ச் அணைந்திருக்கும்போது ஸ்லைடைத் தள்ளினால் குறைந்த வெளிச்சம். மங்கலாக எரியும்போது எல்இடி எடுத்துக்கொள்வது 2.8 வோல்ட் அளவுக்கு, மீதி 1.7 வோல்ட் ரெசிஸ்டர்மேல் விழும். அதை 330ஆல் வகுத்தால் 5 மில்லி ஆம்பியர். இந்தச் செல்லில் 1000 மில்லி ஆம்பியர் மணி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி 200 மணி நேரம். கால் வாட் ரெசிஸ்டர் தாராளமாகப் போதும், சூடே ஆகாது. மூடிக்குள் இடம் இல்லையென்றால் ஸ்லைடை விட்டுவிட்டு 10,000 ஓம் ரெசிஸ்டரை மட்டும் சுவிட்சுக்குக் குறுக்கே வையுங்கள். டார்ச் எப்போதும் மினுங்கிக்கொண்டே இருக்கும், மின்சாரம் போனால் தேடித் தடவ வேண்டாம். அது குடிப்பது 0.2 மில்லி ஆம்பியர்தான், மாதக்கணக்கில் ஓடும்.

முழு வெளிச்சம் சீக்கிரம் மங்குவதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம், செல் இறங்க இறங்க அது அப்படித்தான் ஆகும். வால்மூடி ஸ்பிரிங்கை மட்டும் பாருங்கள். வெள்ளைப் பொடி பூத்திருந்தால், ஆல்கலைன் செல் என்றால் அது கசிந்த காரம். வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள்.

மகளை விரட்டாதீர்கள். இதைவிட ஆபத்தில்லாத முதல் வேலை அவளுக்குக் கிடைக்கப்போவதில்லை. 4.5 வோல்ட்டில் ஷாக் அடிக்காது. கண்ணாடி மாட்டிவிடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அயர்னை எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டுங்கள், ஈயம் கலந்த சால்டர் என்றால் முடித்ததும் கை கழுவச் சொல்லுங்கள். 330, 1000, 10,000 ஓம் மூன்றிலும் ஒவ்வொன்று வாங்கி அவள் கையில் கொடுங்கள். ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு என்று கோடு போட்டிருப்பது 330. மற்ற இரண்டையும் அவளே நிறம் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு இருவரும் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்து, பாடப்புத்தகத்தைப் படிக்க எது போதும் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். அவள் சொல்கிற ரெசிஸ்டரைச் சால்டர் செய்யுங்கள்.