பழைய ஆம்ப்ளிஃபையர் கரகரத்தால் எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: அப்பாவின் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் பல வருடம் சும்மா கிடந்தது. இப்போது வால்யூமைத் திருகினால் கரகரக்கிறது. இடது ஸ்பீக்கர் அவ்வப்போது ஊமையாகிவிடுகிறது. பாட்டு ஓடாதபோதும் ‘உம்ம்’ என்று இரைச்சல். எல்லா கெப்பாசிட்டரையும் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) மாற்றச் சொல்கிறார் நண்பர். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நல்லதையும் சேர்த்துக் கழற்றி, புதிதாக நாலு தவறான இணைப்பு கொடுத்து, கடைசியில் எது கெட்டது என்றே தெரியாமல் போன பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் இரைச்சலைக் கவனியுங்கள். வால்யூமை முழுக்கக் குறைத்த பிறகும் அது அப்படியே இருந்தால் மின்வழங்கிப் பகுதியில் உள்ள பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் மேல்தான் சந்தேகம். உள்ளே இருக்கும் திரவம் வருடக்கணக்கில் காய்ந்து, அவற்றின் கொள்திறன் குறைந்துவிடும். வால்யூமோடு சேர்ந்து இரைச்சலும் ஏறி இறங்கினால் கோளாறு வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னால், பெரும்பாலும் இணைப்பு ஒயரிலோ எர்த்திலோ. காதே இன்னொரு துப்பும் கொடுக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எர்த் கோளாறு 50 ஹெர்ட்ஸில் உறுமும். ஃபில்டர் தளர்ந்தால் பொதுவாக 100 ஹெர்ட்ஸ், அதாவது சரியாக ஒரு ஸ்தாயி மேலே.

கரகரப்புக்கு வால்யூம் கன்ட்ரோலின் கார்பன் தடத்தில் படிந்த அழுக்கே வழக்கமான காரணம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மின்பாகங்களுக்கான கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சமாக உள்ளே அடித்து, இருபது முப்பது முறை முழுசாகத் திருகுங்கள். துருவுக்கு அடிக்கும் சாதாரண எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகும் கரகரத்தால், அங்கே டிசி மின்னழுத்தம் கசிகிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். கசிந்தால் பக்கத்தில் உள்ள கப்ளிங் கெப்பாசிட்டர் (டிசியைத் தடுத்து ஒலியை மட்டும் கடத்துவது) குற்றவாளி. உங்கள் நண்பர் சொல்வது அங்கே சரி.

இடது பக்கத்துக்கு, ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு இரண்டு ஸ்பீக்கர் ஒயர்களையும் இடம் மாற்றுங்கள். ஊமைத்தனம் வலது ஸ்பீக்கருக்குத் தாவினால் ஸ்பீக்கர் நல்லது. சத்தத்தைக் கூட்டியதும் ‘டப்’ என்று உயிர் வருகிறதா? அப்படியானால் ஸ்பீக்கர் ரிலேயின் (ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் மின்சார சுவிட்ச்) முனைகள் கறுத்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் மெல்லிய பூச்சு போய்விடும். அதே காயில் (கம்பிச் சுருள்) வோல்டேஜும் ஆம்பியர் தாங்குதிறனும் உள்ள புது ரிலே போடுவதே மேல்.

ஃபில்டரை மாற்றியே ஆக வேண்டுமென்றால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை காப்பிட்ட கிளிப் ஒயரில் மாட்டி வடித்துவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். மைக்ரோஃபாரட் அளவு பழையதே. வோல்டேஜ் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கும். ஸ்பீக்கர் இல்லாமல், ஆம்ப்ளிஃபையருக்கு வரும் மின் இணைப்பில் 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமல் எரிந்தால் எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள்.