மருந்தை நிறுத்தியவரிடம் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாமா?

கேள்வி: தீவிர மனநோய் உள்ளவர்களுக்கான ஆதரவுக் குடியிருப்பு ஒன்றில் சில மாதங்களாகக் கேஸ் மேனேஜராக வேலை செய்கிறேன். என் பொறுப்பில் உள்ள ஒருவருக்கு மனச்சிதைவு நோய், வயது 46, தனி அறையில் இருக்கிறார். மூன்று வாரமாகக் கதவைச் சரியாகத் திறப்பதில்லை. இந்த நோய்க்காகச் சாப்பிட்டுவந்த க்ளோசபின் மாத்திரையை நிறுத்திவிட்டாரோ என்று சந்தேகமாக இருக்கிறது. அறையிலிருந்து நாற்றம் வருவதாகப் பக்கத்து அறைக்காரர்கள் புகார் செய்கிறார்கள். “மருந்து சாப்பிட்டால் இருக்கட்டும், இல்லையென்றால் காலி செய்யச் சொல்லுங்கள்” என்கிறார் மேலாளர். நான் என்ன செய்யட்டும்?

பதில்: காலி செய்யச் சொல்லாதீர்கள். சும்மா பயமுறுத்துவதற்காகக்கூட அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். மருந்துக்கும் வீட்டுக்கும் முடிச்சுப் போட்ட பிறகு அவர் உங்களிடம் உண்மையைச் சொல்லமாட்டார். மாத்திரையை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு விழுங்கிவிட்டதாகத் தலையாட்டுவார். அவருக்கு என்ன நடக்கிறது என்பதே தெரியாமல் போய்விட்டால் நீங்கள் எதைக் கவனித்துக்கொள்ள முடியும்?

மேலாளரிடம் பேசப் போகும்போது இதைச் சொல்லுங்கள். 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் ‘பாத்வேஸ் டு ஹவுசிங்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். தெருவில் கிடந்த மனநோயாளிகளுக்கு முதலில் வீடு கொடுத்தார்கள். சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும், குடியை விட வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. வருமானத்தில் 30 சதவீதத்தை வாடகைக்குத் தர வேண்டும், பணியாளர் வந்து பார்ப்பதற்குச் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து ஆண்டுகளில் 88 சதவீதம் பேர் வீட்டைத் தக்கவைத்துக்கொண்டார்கள். முதலில் சிகிச்சை, பிறகு தகுதி, கடைசியில் வீடு என்று போகும் வழக்கமான முறையில் அது 47 சதவீதம்தான். ‘ஹவுசிங் ஃபர்ஸ்ட்’ என்று பெயர்பெற்ற இந்த முறையைக் கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் ஏறக்குறைய 2,000 பேரிடம் சோதித்துப் பார்த்தது. அதன் கடைசி ஆறு மாதங்களில் இந்த முறையில் சேர்ந்தவர்களில் முழு நேரமும் வீடு இழக்காமல் இருந்தவர்கள் 62 சதவீதம். வழக்கமான சேவை மட்டும் கிடைத்தவர்களில் 31 சதவீதம்.

இதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நோய் அறிகுறிகள் இரண்டு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தன. ஆக, வீடு கிடைத்தால் வீடு நிலைக்கிறது. அதற்குள் நோயைப் பார்த்துக்கொள்வது தனி வேலை, அது நம்முடைய வேலை.

இனி அந்தக் கதவுக்கு வருவோம். மேலாளரையும் காவலாளியையும் கூட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள். தனியாகப் போவது ஆபத்தில்லை என்று உங்களுக்குத் தெரிந்தால் தனியாகவே போங்கள். தட்டிவிட்டு ஓரடி பின்வாங்கி, கதவுக்கு நேரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். திறக்கிறவருக்கு வழி மறிக்கப்பட்டதுபோல் தோன்றக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “உள்ளே வரமாட்டேன். நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்கத்தான் வந்தேன். நாளைக்கும் பத்து மணிக்கு வருகிறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். மறுநாள் அதே பத்து மணிக்குப் போய் நில்லுங்கள். உள்ளே நடமாடும் சத்தம் கேட்டும் பதில் வராவிட்டால் இரண்டு வரி எழுதிக் கதவிடுக்கில் வையுங்கள். சொன்ன நேரத்துக்கு வருகிறவர், வந்து எதையும் பிடுங்காமல் போகிறவர் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் கதவு திறக்கும். முதல் நாளே மாத்திரையைப் பற்றிக் கேட்டால் அந்த நம்பிக்கை வரவே வராது.

திறந்ததும் உடம்பைப் பற்றிக் கேளுங்கள். தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, வயிறு எப்படி இருக்கிறது? வயிற்றைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். க்ளோசபின் சாப்பிடுகிறவர்களுக்கு மலச்சிக்கல் முற்றிக் குடல் அடைப்பாகி, உயிரையே பறித்துவிடலாம். காய்ச்சலோ தொண்டை வலியோ இருந்தால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கலாம், உடனே பரிசோதனை தேவை. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள். அதில் பெரும்பகுதிக்குக் காரணம் உடல் நோய்கள். அவர் வயிறு வலிக்கிறது என்று சொன்னதையும் மனநோயின் கணக்கில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

மருந்துப் பேச்சு தானாக வரும்போது, “எப்போதிலிருந்து சாப்பிடவில்லை?” என்று கோபமில்லாமல் கேளுங்கள். ஏன் நிறுத்தினார் என்பதும் தெரிய வேண்டும். இரவெல்லாம் எச்சில் வழிந்து தலையணை நனைகிறது, பகலில் எழுந்திருக்க முடியவில்லை, எடை கூடிவிட்டது என்று எதையாவது சொல்வார். அநேகமாக எல்லாமே உண்மையான காரணங்களாக இருக்கும், பலவற்றை மருத்துவர் சரிசெய்யவும் முடியும். ஒன்றில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் க்ளோசபின் விட்டுப்போயிருந்தால், பழைய அளவிலேயே மறுபடி கொடுக்கக் கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று விழலாம், வலிப்பு வரலாம். மிகக் குறைந்த அளவில் தொடங்கி மருத்துவர்தான் படிப்படியாக ஏற்ற வேண்டும். எனவே “சரி, இன்று ராத்திரியிலிருந்து பழையபடி சாப்பிடுங்கள்” என்று நல்லெண்ணத்தோடுகூடச் சொல்லிவிடாதீர்கள். அவர் சிகரெட் பிடிப்பவர் என்றால், எவ்வளவு பிடிக்கிறார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். புகை இந்த மருந்தை உடம்பில் வேகமாகக் கரைக்கும். சிகரெட்டைத் திடீரென்று விட்டால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும்.

நாற்றத்தை மருந்தோடு சேர்த்துப் பேசவே வேண்டாம். குப்பையை அகற்றுவது, அடுத்தவர் தூக்கத்தைக் கெடுக்காமல் இருப்பது எல்லாம் வாடகைக்கு இருக்கும் யாருக்கும் உள்ள பொறுப்புகள், அவருக்கும் உண்டு. அதை நேராகச் சொல்லலாம். ஆனால் மனச்சிதைவு மனிதரின் முனைப்பையே உறிஞ்சிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சோம்பேறித்தனமாகத் தெரிவது பெரும்பாலும் இதுதான். “அறையைச் சுத்தம் செய்யுங்கள்” என்றால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்தே இருப்பார். ஒரு பையைக் கொண்டுபோங்கள். “இந்த மூலையில் இருப்பதை மட்டும் சேர்ந்து எடுப்போம், கால் மணி நேரம் போதும்” என்று சொல்லி நீங்களும் குனிந்து பொறுக்குங்கள். எதைத் தூக்கிப் போடலாம் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். புகார் செய்தவர்களிடம், நடவடிக்கை எடுத்துவருகிறோம் என்று மட்டும் சொன்னால் போதும். அவருடைய நோயைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தைகூட வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத சமயங்களும் உண்டு. நாள் கணக்கில் சாப்பாடும் தண்ணீரும் இறங்கவில்லை, தட்டினால் உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் இல்லை, யாரையாவது தாக்கச் சொல்லிக் குரல் கட்டளையிடுவதாகச் சொல்கிறார், சாவைப் பற்றிப் பேசுகிறார் என்றால் அன்றே மனநல மருத்துவரையோ அவசரக் குழுவையோ அழையுங்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இப்போது நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் பேசியாக வேண்டிய நிலை. குடியிருப்பவர் மருத்துவரிடம் வர மறுத்தால் மருத்துவரை அறைக்கு அழைத்துவர முடியுமா என்று கேளுங்கள்.

பதிவேட்டில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். “ஒத்துழைக்கவில்லை” என்று ஒரு வார்த்தையில் முடிக்காமல், “செவ்வாய் காலை 10 மணிக்குத் தட்டினேன், ‘போங்க’ என்றார், குரல் தெளிவாக இருந்தது” என்று எழுதுங்கள். அடுத்த மாதம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் மருத்துவருக்கு அதிலிருந்துதான் ஏதாவது புரியும்.

அப்புறம், உங்கள் பொறுப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 1970-களில் அமெரிக்காவின் மேடிசன் நகரில் லெனர்ட் ஸ்டைனும் மேரி ஆன் டெஸ்ட்டும் உருவாக்கிய தீவிரக் களப்பணி முறையில், பத்துப் பேருக்கு ஒரு பணியாளர், கூடவே மருத்துவரும் செவிலியரும் இருக்கும் குழு என்பது அளவுகோல். உங்களிடம் ஐம்பது பேர் இருந்தால் தினமும் பத்து மணிக்கு ஒரே கதவின் முன்னால் போய் நிற்க முடியாது. மேலாளரைச் சந்திக்கும்போது அந்த எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டு போங்கள். இந்த ஒருவருக்காக அடுத்த இரண்டு வாரம் உங்கள் வேலையில் ஒரு பகுதியை வேறு யார் ஏற்றுக்கொள்வார்கள் என்று கேட்டு, பதிலை அங்கேயே வாங்கிவிடுங்கள்.